உறைந்த காய்கனிகளும் உறங்கும் கிருமிகளும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. அதன்பின் இங்குள்ள தமிழ்க் குடும்பத்தினர் பலர் நாள்தோறும் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். மாலையில் அவர்கள் கொணரும் பைகளில் உறைந்த பட்டாணி, மக்காச்சோளம், ஸ்ட்ராபெர்ரிப் பொட்டலங்களும் இடம்பெறுவதுண்டு. அவற்றைப் பாலுடனோ தயிருடனோ மிக்சியில் அரைத்துப் பருகும் பானமே ஸ்மூத்தி. உறைந்த காய்கனிகளை வேகவைக்காமல் இவ்வாறு பருகலாமா?

தொழிற்சாலையில் பட்டாணியை உறைய வைக்கும் முன் கொதிக்கும் நீரிலோ நீராவியிலோ ஓரிரு நிமிடம் வைத்து எடுப்பர். நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகளை அடக்குவதே இதன் முதன்மை நோக்கம்; இது சமையல் அன்று. இதனால் கிருமிகள் பல அழிந்தாலும், பின்னர்க் குளிர்விக்கும்போதும் பொட்டலமிடும்போதும் கருவிகளிலிருந்து புதியவை ஒட்டிக்கொள்ளக்கூடும். பழங்களுக்கோ பெரும்பாலும் இந்த வெந்நீர்க் குளியலும் இல்லை. சுழியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிரில் கிருமிகள் பெருகுவதில்லை. ஆயினும் அவற்றுள் பல மடிவதுமில்லை; கும்பகர்ணனைப் போல் உறங்குகின்றன.

இது வெறும் அச்சமன்று. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில், எகிப்திலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரி கலந்த ஸ்மூத்தியால் 9 மாநிலங்களில் 143 பேருக்கு ஏ வகைக் கல்லீரல் அழற்சி உண்டாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் வர்ஜீனியாவைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 47 பேர் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவால் நோயுற்றனர் என்றும், 9 பேர் இறந்தனர் என்றும் 2018 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. ஹங்கேரியில் உறைய வைக்கப்பட்ட காய்கறிகளே, குறிப்பாக மக்காச்சோளமே, அதற்குக் காரணமெனக் கண்டறியப்பட்டது.

லிஸ்டீரியா பிற கிருமிகளினும் பிடிவாதமானது. குளிர்பதனப் பெட்டியின் 4 பாகைக் குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகவல்லது. உடல்நலமுள்ள பெரும்பாலோர்க்கு அதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை. கருவுற்ற தாய்மார், பச்சிளங்குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோரையே அது கடுமையாகத் தாக்கும். எனவே வீட்டில் பாட்டியும் பருகுவார் எனில் கூடுதல் கவனம் தேவை.

தங்கவயலுக்கு உரிய இடர் ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து வீடு வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகிறது. நெரிசல் மிக்க பெட்டியில், மடியிலிருக்கும் பையில், பொட்டலம் மெல்ல உருகிவிடும்; உறங்கிய கிருமிகளும் விழித்துக்கொள்ளும். வீட்டில் மீண்டும் உறைய வைத்தால் பட்டாணி கல்லாகும். இடையில் பெருகிய கிருமிகள் குறையா. தனித்தனியே உருள வேண்டிய மணிகள் ஒரே கட்டியாகத் திரண்டிருந்தால், அப்பொட்டலம் எங்கோ ஒருமுறை உருகியிருக்கிறது என ஐயுறலாம். வெப்பம் புகாத பையில் கொண்டுவருவது நன்று. உருகிவிட்டதை அன்றிரவே குழம்பிலோ குருமாவிலோ சேர்த்து நன்கு வேகவைப்பதே முறை.

பொட்டலத்தில் 'சமைத்து உண்க' என்று அச்சிட்டிருந்தால், கழுவினால் மட்டும் போதாது. உணவின் உட்பகுதி 70 பாகை வெப்பத்தில் இரண்டு நிமிடம் இருந்தால் லிஸ்டீரியா அழியும். கல்லீரல் அழற்சி நச்சுயிரி அதனினும் உறுதியானது. அதற்கு ஒரு நிமிடமேனும் கொதி வேண்டும். கொதிக்கவைத்த பட்டாணியை ஆறவைத்து, குளிரூட்டி, பிறகு அரைக்கலாம். ஸ்ட்ராபெர்ரி வெந்தால் குழைந்துபோகும். எப்படியும் மிக்சியில் அரையப்போகும் பழத்திற்கு அது ஒரு குறையன்று.