மேலே மழை... கீழே காத்து!

ஜூன், ஜூலையில் குமுளிக்குப் போயிருக்கிறீர்களா? குடை இல்லாமல் ஒரு எட்டு வைக்க முடியாது. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் கீழே இறங்கிக் கம்பம் வந்தால்... மழை பெயருக்குச் சாரல்தான். மற்றபடி காத்து! ஆளையே தள்ளுகிற காத்து!

ஏன் இப்படி? மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, வடக்கே கொடைக்கானல் மலை. நடுவில் தொட்டில் மாதிரி கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறும்போதே குளிர்ந்து, மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றி, சூடேறி, புழுதியை வாரிக்கொண்டு வருகிறது.

அப்படியானால் இங்கே நெல்லும் திராட்சையும் எப்படி விளையுது? 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைதான் பதில். மேற்கே ஓடிய ஆற்று நீரை, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். தண்ணீருக்கு வழி கண்டாச்சு. ஆனால் காற்றையும் குளிரையும் உடம்புதானே தாங்கணும்?

காத்துக் காலத்தில்...

ஜூன் முதல் செப்டம்பர் வரை கவனம் தேவை. கண்ணில் தூசி விழுந்தால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப வேண்டாம். வீட்டைப் பெருக்கிப் புழுதி கிளப்புவதைவிட, ஈரத் துணியால் துடைப்பது நல்லது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பில் நீர் குறைவதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மலை ஏறும்போது...

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காது அடைத்தால் பச்சைக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழும். பால் கொடுங்கள்; விழுங்கும்போது அடைப்பு விலகும்.

நமக்கு இது ஒருநாள் சுற்றுலா. கம்பம், கூடலூர், போடிப் பெண்கள் பலருக்கோ தினசரிப் பாடு! இருட்டோடு எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கி ஏலத் தோட்டங்களில் நாளெல்லாம் ஈரத்தில் நின்று, மறுபடி வெக்கைக்குத் திரும்புகிறார்கள். உங்கள் பாயசத்தில் மணக்கிற ஏலக்காய்க்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. மாற்றுச் சேலையும், தலை துவட்ட ஒரு துண்டும் பையில் இருக்கட்டும். அட்டை கடித்தால் வெடுக்கென்று பிய்க்காதீர்கள். நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ரத்தம் நிற்கும்வரை சுத்தமான துணியால் அழுத்துங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றாத ஜீப் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அது தோட்டக்காரர்களின் பொறுப்பு!

அருவியில் குளிக்கும்போது...

பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவி. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும். மேலே கொடைக்கானல் மலையில் மழை கொட்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் சீறி வரும்! தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ... துணிமணியைத் தேடாதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். வனத்துறை தடை போட்டிருந்தால், 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

மற்ற ஊர்களில் வெளியே கிளம்பும் முன் வானத்தைப் பார்ப்போம். தேனிப் பக்கம் வந்தால், முதலில் மலையைப் பாருங்கள்!