செயின் வாளுக்கு எண்ணெய் வற்றினால்

தோட்டத்தில் சாய்ந்த பலாவையோ வேம்பையோ அறுவை மில்லுக்கு ஏற்றிப்போக லாரி வாடகை கட்டுப்படியாகாது. அதனால் விழுந்த இடத்திலேயே செயின் வாளால் பலகை போட்டுவிடுகிறார்கள். போடலாம். ஆனால் குறுக்கே துண்டு போடுவதும் நெடுக்கே பலகை அறுப்பதும் ஒன்றல்ல. துண்டு போடும்போது வாளுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். பலகை அறுக்கையில் செயின் சுற்றியோடும் தகடான பார் முழுக்க மரத்துக்குள் புதைந்திருக்க, என்ஜின் நிமிடக்கணக்கில் உச்ச வேகத்தில் ஓடும்.

எண்ணெய் சுரப்பது என்ஜின் பக்கத்தில். செயின் அதை இழுத்துக்கொண்டு பாரின் மூக்கைச் சுற்றி வருவதற்குள் பாதி தெறித்துவிடும். நீளமான பார் என்றால் மூக்குப் பக்கம் குழாயும் திருகும் வைத்த தனி எண்ணெய்ப் புட்டி ஒன்று பொருத்துவது அதற்காகத்தான். எண்ணெய் எட்டாத பாரின் விளிம்பு சூட்டில் நீலம் பாயும், செயின் தொய்யும், கடைசியில் அறுந்து ஆள்மேல் வீசும்.

வேலை தொடங்குமுன் மூக்கை ஓர் அட்டைக்கு நேரே, தொடாமல் பிடித்து, வாளை ஓட்டிப் பாருங்கள். சில நொடிகளில் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையா? பாரைக் கழற்றி எண்ணெய்த் துளையிலும் பள்ளத்திலும் அடைத்த மரத்தூளைச் சுரண்டி எடுங்கள். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணெயையும் நிரப்புங்கள். சூட்டில் தொய்ந்த செயினை இறுக்கினால், வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கும்.

காசு மிச்சம் பிடிக்க மெக்கானிக் கடைக் கழிவு ஆயிலை ஊற்றுகிறவர்கள் ஏராளம். அதில் இரும்புத் துகள் இருக்கும், செயினில் ஒட்டிநிற்கும் பசை இருக்காது. தெறிப்பது அறுப்பவர் தோலில். அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் புற்றுநோயைத் தரக்கூடியவை. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஊட்டிக் குளிரில் அது உறைந்தே போகும்.

கழிவு ஆயிலால் இன்னொரு நட்டமும் உண்டு. புது மிஷினில் ஆயில் பம்ப்பே பழுது என்றாலும், “நீ ஊற்றிய எண்ணெய்தான் காரணம்” என்று கடைக்காரர் கைகழுவ அதுவே சாக்காகிவிடும். கையேடு சொல்லும் எண்ணெயை வாங்கி, அதன் பில்லையும் மிஷின் பில்லோடு சேர்த்து வையுங்கள். தொழிலுக்கு வாங்கியதால் வழக்குப் போட முடியாது என்பார்கள், நம்பாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கூலிக்கு அறுக்கப்போய் அடிபட்டால் வேலைக்கு அமர்த்திய ஒப்பந்ததாரர் இழப்பீடு தர வேண்டும். 1923 சட்டம் தந்த இந்த உரிமை இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இருக்கிறது. ‘வீட்டில் விழுந்துட்டேன்னு சொல்லிடு’ என்று மேஸ்திரி காதில் ஓதுவார். ஆஸ்பத்திரிச் சீட்டில் வேலையிடத்து விபத்து என்றே எழுதச் சொல்லுங்கள். கூலி வந்த ஜிபே பதிவையும் அழிக்காதீர்கள். யாரிடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.