குழு மாறினால் பாட்டு நிற்குமா?

ராசாவில் ஓர் இளைஞர் இசைக்குழு இருப்பதாக எண்ணிக்கொள்வோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நான்கு நண்பர்கள் அதில் இருக்கிறார்கள். ஒருவர் பாடுவார்; ஒருவர் பாடல் எழுதுவார்; ஒருவர் கீபோர்டு வாசிப்பார்; இன்னொருவர் தாளத்தைப் பார்த்துக்கொள்வார். கோயில் திருவிழாக் கலை இரவில் இவர்கள் மேடையேறினால் கூட்டம் எழுந்து போகாது. திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கீபோர்டு வாசிப்பவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறது. தாளக்காரர் பல்கலைக்கழகம் செல்கிறார். எஞ்சியவர்கள் இருவர் மட்டுமே. குழுவைக் கலைத்துவிடுவதா? போனவர்களைப் போலவே வாசிக்கும் இருவரைத் தேடுவதா? வேறு வழியும் உண்டா?

இந்தச் சிக்கல் சிறிய குழுக்களுக்கு மட்டும் வருவதன்று. உலகப் புகழ்பெற்ற குழுக்களும் இதைச் சந்தித்திருக்கின்றன. அவற்றுள் சில, ஆள் குறைந்த பிறகுதான் தங்கள் மிகச் சிறந்த இசைத்தொகுப்பை வெளியிட்டன. அது எப்படி நிகழ்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் மின்னணு இசையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

வீணையில் ஒலி பிறப்பது தந்தியின் அதிர்வால். புல்லாங்குழலில் ஒலி பிறப்பது காற்றின் அதிர்வால். சிந்தசைசர் என்னும் கருவியில் தந்தியும் இல்லை, காற்றும் இல்லை. அதனுள் இருக்கும் மின்சுற்று, மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றி இறக்குகிறது. அந்த அலையை ஒலிபெருக்கி ஒலியாக மாற்றுகிறது. ஒலியின் கூர்மையைக் குறைக்கவும், அது மெல்ல எழுவதா சட்டென ஒலிப்பதா என்று முடிவு செய்யவும் தனித்தனிக் குமிழ்கள் உண்டு. இத்தகைய கருவிகளை முதன்மையாகக் கொண்டு பாடப்படும் மெல்லிசையைச் ‘சிந்த்-பாப்’ என்பர். 1970களின் இறுதியில் இக்கருவிகளின் விலை குறையத் தொடங்கியதும், பெரிய வாத்தியக் குழு இல்லாத இளைஞர்களும் இசையமைக்கத் தொடங்கினர்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் உருக்குத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே 1977ஆம் ஆண்டு தோன்றியது ‘தி ஹியூமன் லீக்’ என்னும் குழு. மூன்று ஆண்டுகளில் இரண்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டும் அதற்குப் பெரிய வெற்றி கிட்டவில்லை. 1980ஆம் ஆண்டு கருத்து வேறுபாட்டால் குழு இரண்டாகப் பிரிந்தது. இசையமைப்பில் தேர்ந்தவர்களான மார்ட்டின் வேர், இயன் கிரேக் மார்ஷ் ஆகிய இருவரும் விலகி, வேறொரு குழுவைத் தொடங்கினர். பாடகர் பிலிப் ஓக்கியும், மேடையில் படக்காட்சிகளைக் காட்டும் ஏட்ரியன் ரைட்டும் மட்டுமே எஞ்சினர். குழுவின் பெயர் ஓக்கியிடம் இருந்தது. ஆனால், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை நடத்தவேண்டிய பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

ஓக்கி என்ன செய்தார் தெரியுமா? விலகியவர்களைப் போன்ற இசை வல்லுநர்களை அவர் தேடவில்லை. ஒரு நடன அரங்கில் ஆடிக்கொண்டிருந்த இரு பள்ளி மாணவிகளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். சூசன் சல்லிக்கு அப்போது வயது 17. ஜோஆன் கேத்தராலுக்கு வயது 18. இருவருக்கும் மேடை அனுபவம் கிடையாது. பெற்றோரின் சம்மதம் பெற்றே அவர்கள் இசைப் பயணத்தில் கலந்துகொண்டனர். பின்னர், இயன் பர்டன் கீபோர்டு வாசிக்க வந்தார். கித்தார் கலைஞரான ஜோ காலிஸ் சிந்தசைசரைப் புதிதாகப் பழகிக்கொண்டார். தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட் ஒலிப்பதிவைச் செம்மைப்படுத்தினார். உண்மையான முரசொலிகளை முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த ‘லின் எல்.எம்.-1’ என்னும் புதிய தாளக் கருவியையும் அவர்கள் பயன்படுத்தினர்.

1981ஆம் ஆண்டு அக்டோபரில் ‘டேர்’ என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்து, பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் இடம்பெற்ற ‘டோன்ட் யூ வான்ட் மீ’ என்னும் பாடல் ஓர் ஆணும் பெண்ணும் மாறி மாறி வாதாடுவதுபோல் அமைந்தது. அதைத் தனிப்பாடலாக வெளியிட ஓக்கியே தயங்கினார். ஆயினும், அப்பாடல் அவ்வாண்டு இறுதியில் பிரிட்டனிலும், 1982ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் முதலிடத்தை அடைந்தது. பழைய குழு அப்படியே இருந்திருந்தால், அந்தப் பெண்குரல் அங்கே இருந்திருக்காது, பாடலும் பிறந்திருக்காது. போனவர்களின் இடத்தை நிரப்ப முயலாமல், வந்தவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்ததே அக்குழுவைக் காப்பாற்றியது.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. பினாங்கில் தோன்றிய ‘அலிகேட்ஸ்’ குழுவில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் ஆகிய சகோதரர்கள் பாடினர். அவர்களுடைய மலாய்ப் பாடல்கள் எல்லா இனத்தவர் வீடுகளிலும் ஒலித்தன. 2007ஆம் ஆண்டு லோகநாதன் மறைந்தார். உடன்பிறந்தவரின் குரலுக்கு மாற்று ஏது? எனினும், டேவிட் குழுவைக் கைவிடாமல் தொடர்ந்து மேடையேறினார்.

தமிழ் இசைக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு யோகி பி. 1990களில் கோலாலம்பூரில் ‘பொயட்டிக் அம்மோ’ என்னும் சொல்லிசைக் குழுவில் அவர் இருந்தார். 1998ஆம் ஆண்டு அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடினாலும், நம் நாட்டின் பிற மொழிகளையும் அவர்கள் சொல்லிசையில் கலந்தனர். காலப்போக்கில் உறுப்பினர்கள் தனித்தனி வழியில் சென்றனர். யோகி பி, நட்சத்திரா குழுவின் எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோருடன் கைகோத்தார். இம்முறை ஆள் மட்டும் மாறவில்லை. முதன்மை மொழியும் மாறியது. 2006ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு முழுவீச்சில் தமிழ்ச் சொல்லிசையாக அமைந்தது. அதே ஆண்டில் அதே பெயரில் வந்த திரைப்படம் வேறு, இது வேறு.

தமிழில் சொல்லிசை எடுபடுமா என்ற ஐயம் அக்காலத்தில் பலருக்கு இருந்திருக்கலாம். ஆனால், நாம் வகுப்பில் படிக்கும் யாப்பை நினைத்துப் பாருங்கள். சொல்லிசைக்கு உயிர், ஒலி ஒத்துவரும் சொற்கள். தமிழிலோ அதற்கு மூன்று வழிகள் உள்ளன. ‘வேர், வேலை, வேர்வை’ என முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை. ‘கண்ணில், மண்ணை’ என இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. அடிகளின் இறுதிச் சொற்கள் ஒத்து ஒலித்தால் இயைபு. நான்கு தட்டுகள் கொண்ட ஒரு தாளச் சுற்றில் இம்மூன்றையும் விரைவாக அடுக்கினால், கேட்பவர் தலை தானாக அசையும். புதிய இசைக்குத் தேவையான கருவி பழைய மொழியிலேயே காத்திருந்தது.

அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற ‘மடை திறந்து’ பாடலும் இவ்வாறே பழமையும் புதுமையும் சேர்ந்தது. 1980ஆம் ஆண்டு வெளிவந்த ‘நிழல்கள்’ திரைப்படத்தில், இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய பாடலைத் தழுவி அது உருவாக்கப்பட்டது. மூலப்பாடல் வாய்ப்புக்காக ஏங்கும் இளம் இசைக்கலைஞனின் கனவைச் சொல்வது. மலேசிய இளைஞர்கள் அதே மெட்டைச் சுற்றித் தங்கள் சொற்களை அமைத்தபோது, அந்தக் கனவு அவர்களுடையதாகவும் ஆயிற்று. பாடல் கடல் கடந்து தமிழ்நாட்டையும் எட்டியது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘பொல்லாதவன்’ திரைப்படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. தமிழ்நாட்டிலிருந்து பாட்டை வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்த நாடு, அங்கே ஒரு புதிய பாணியை அனுப்பி வைத்தது.

இவற்றிலிருந்து நாம் என்ன அறிகிறோம்? கருவியை வாங்கிவிடலாம், ஒருவர் வாசித்ததை இன்னொருவர் பழகிவிடலாம். ஆனால், ஒரு மனிதரின் சிந்தனையையும் குரலையும் அப்படியே படியெடுக்க இயலாது. ஆகவே, ஒருவர் விலகும்போது ஏற்படும் இழப்பு உண்மையானது, அதை மறைக்கவேண்டியதில்லை. விலகியவரைக் குறைகூறவும் தேவையில்லை. ஹியூமன் லீக்கிலிருந்து பிரிந்தவர்களும் தங்கள் புதிய குழுவில் புகழ்பெற்றனர். எஞ்சியவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இப்போது நம்மிடம் இருப்பது என்ன?

மீண்டும் ராசாவுக்கு வருவோம். கீபோர்டுக்காரர் போய்விட்டார்; தாளக்காரரும் இல்லை. ஆனால், பாட ஒருவரும் எழுத ஒருவரும் இருக்கின்றனர். திருவிழாவில் உறுமி அடிக்கும் தம்பி ஒருவன் பக்கத்து வரிசை வீட்டில் இருக்கக்கூடும். பள்ளிப் போட்டியில் கவிதை ஒப்புவித்த தங்கை ஒருத்தி, சொல்லிசையை ஒரு முறை முயன்று பார்க்கக் காத்திருக்கக்கூடும். அவர்களை அழைத்தால் பழைய பாட்டு பழையபடி ஒலிக்காது. கலை இரவுக்கு வருபவர்கள் முதலில் சற்று வியப்படைவர். பிறகு, நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பர்.