கடன் வாங்கி வட்டி பெற்றவர்கள்

கடன் கொடுத்தவன் வட்டி வாங்குவதும், கடன்பட்டவன் அதனைக் கொடுத்து இளைப்பதும் உலக வழக்கம். கடன்பட்டவனே அக்கடனைக் கொண்டு வட்டி சம்பாதித்தான் என்றால் நேயர்கள் நம்புவீர்களா? இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பலர் இதனைச் செய்து காட்டினர். பிரித்தானியர் இதற்கு ‘ஸ்டூசிங்’ என்று ஒரு பெயரும் சூட்டினர்.

இதற்கு வழி திறந்துவிட்டவை வங்கிகளே. ஒரு வங்கியின் கடனட்டையில் நூற்றுக்கு 18 வட்டியுடன் கடன்பட்டிருப்பவரை மற்றொரு வங்கி அழைக்கும். அந்த நிலுவையைத் தன்னிடம் மாற்றிக்கொண்டால் 12 மாதங்களுக்கு வட்டியே இல்லை என்று கூறும். ஆதாயமின்றி ஆற்றோடு போவாருண்டோ? சலுகைக் காலம் முடிந்த பின்னும் கடன் தீராது கிடக்கும், அப்போது முழு வட்டியும் வந்து சேரும் என்பதே அவ்வங்கியின் எதிர்பார்ப்பு.

கணக்கில் வல்ல சிலர் இந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கத் துணிந்தனர். பழைய கடன் எதுவும் இல்லாதவர்களும், வங்கி அனுப்பிய காசோலையை மாற்றி, அப்பணத்தைச் சேமிப்புக் கணக்கில் இட்டனர். 2006 ஜூன் முதல் 2007 செப்டம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி வீதம் 5.25 ஆக நின்றது. அக்காலத்தில் நூற்றுக்கு 5 வட்டி தந்த சேமிப்புக் கணக்குகள் இருந்தன. அவ்வாறு 10,000 டொலரை ஓராண்டு வைத்திருந்தால் வட்டி 500 டொலர். மாற்றுக் கட்டணம் சில அட்டைகளில் 75 டொலருக்கு மேற்படாது. அதைக் கழித்தால் மிச்சம் 425 டொலர். மாதந்தோறும் செலுத்தவேண்டிய குறைந்தபட்சத் தவணையும், வட்டிக்குரிய வருமான வரியும் இதிலும் ஒரு பங்கைக் குறைத்துவிடும்.

இச்சிறு தொகைக்காக அவர்கள் கண் துஞ்சாது காவல் செய்ய நேர்ந்தது. அந்நாளில் ஒரு தவணை பிந்தினாலும் சலுகை பறிபோகக்கூடும். அதே அட்டையில் கடைச் சாமான் வாங்கினால், செலுத்தும் பணம் வட்டியில்லாக் கடனுக்கே முதலில் வரவு வைக்கப்படும்; சாமான் வாங்கிய கடனோ முழு வட்டியுடன் வளர்ந்துகொண்டிருக்கும். 2009இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், 2010 பெப்ரவரி முதல் இவ்வழக்கத்தைத் திருத்தியது. குறைந்தபட்சத் தவணைக்கு மேற்பட்ட பணம், மிகுந்த வட்டியுள்ள கடனுக்கே முதலிற் சேரவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத செலவும் ஒன்றுண்டு. அட்டையிற் பெருங்கடன் நிற்கும்போது ஒருவரின் கடன் தகுதிப் புள்ளி குறையும். அந்த வேளையில் வீடு வாங்க 200,000 டொலர் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு அரை கூடினாலும், முதலாண்டில் மாத்திரம் ஏறத்தாழ 1,000 டொலர் மேலதிகச் செலவாகும். 425 டொலர் ஆதாயம் அங்கே எம்மாத்திரம்?

2008 டிசம்பரில் அமெரிக்க வட்டி வீதம் பூச்சியத்தை ஒட்டி இறங்கிற்று. பிரித்தானியாவில் 2007 ஜூலையில் 5.75 ஆக இருந்தது 2009 மார்ச்சில் 0.5 ஆயிற்று. மாற்றுக் கட்டணமோ, உச்ச வரம்பின்றி நூற்றுக்கு 3 முதல் 5 வரை என்று பல அட்டைகளில் உயர்ந்தது. 10,000 டொலருக்கு 300 டொலர் கட்டணம் கொடுத்து, நூற்றுக்கு 1 வீதம் 100 டொலர் வட்டி பெறுபவருக்கு 200 டொலர் நட்டமேயன்றி வேறென்ன? 2023இல் வட்டி வீதம் மறுபடி 5ஐத் தாண்டியபோதும், நூற்றுக்கு 5 கட்டணம் கொடுத்தவருக்கு மிஞ்சக்கூடியது ஏதுமில்லை.

ஆகவே, வட்டியில்லை என்ற சொல்லைக் கேட்டதும் மாணவரும் இல்லத்தரசிகளும் மூன்று கேள்விகளைக் கேட்பது நன்று: கட்டணம் எவ்வளவு? சலுகை எந்த நாளில் முடிகிறது? அதன் மறுநாள் வட்டி எவ்வளவு? பழைய கடனைத் தீர்க்க முயல்வோருக்கு இம்மாற்றம் மெய்யாகவே கைகொடுக்கும். 18 வட்டி ஓராண்டு நின்றுபோவது பெரிய ஆறுதலன்றோ? ஆனால், அந்த ஓராண்டு கடனை அடைப்பதற்குக் கிடைத்த அவகாசமேயன்றி, புதுக்கடன் படுவதற்கு வந்த அழைப்பன்று.