வால்வை மாற்றுமுன் மீட்டரை வையுங்கள்

கண்டிப் பக்கம் திகனயிலோ ராஜவெல்லையிலோ வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு வால்வு பிரீஆம்ப் வாங்க நினைப்பவரிடம் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: கூடவே நல்ல மல்டிமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். பழைய ஐரோப்பிய வால்வுகளுக்குக் காசைக் கொட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். வீட்டுக்கு வரும் கரண்டுக்கும் கையிலுள்ள பவர் ஆம்புக்கும் பொருந்தாத பெட்டியில் எந்த வால்வைச் செருகினாலும் அது தன் குணத்தைக் காட்டாது.

வால்வு நமக்குப் புதிய சாமான் அல்ல. 1925இல் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் வானொலியைத் தொடங்கிய நாள்முதல் டிரான்சிஸ்டர் வரும்வரை ஒலிபரப்பியதும் வால்வு, வீட்டில் ஒலித்ததும் வால்வு. மரப்பெட்டி ரேடியோவின் சுவிட்சைப் போட்டதும் சற்று நேரம் சத்தமே வராது. நிலையம் பொருந்தியதைக் காட்டும் பச்சைக் கண் மெல்ல விழித்த பிறகுதான் இலங்கை வானொலி பேசும். இன்றைய பிரீஆம்பிலும் அந்தக் காத்திருப்பு உண்டு. வால்வு சூடேற வேண்டுமே.

கண்ணாடிக் குழாய்க்குள் காற்றில்லை. நடுவில் ஓர் இழை கனன்று, தன்னைச் சுற்றியுள்ள கேதோடு என்ற உலோகக் குழலைச் சூடாக்குகிறது. குழலின்மேல் பூசிய பேரியம், ஸ்ட்ரோன்டியம் ஒக்சைடுகளிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, உயர்ந்த நேர் மின்னழுத்தத்தில் இருக்கும் தகட்டுக்குப் பாய்கின்றன. வழியில் மெல்லிய கம்பிச் சுருளாக கிரிட். லீ டி ஃபொரஸ்ட் 1906இல் சேர்த்த உறுப்பு இது. பாட்டின் சமிக்ஞை இங்கேதான் வந்து சேரும். கிரிட்டில் சிறு ஏற்ற இறக்கம், தகட்டில் பெரிய ஏற்ற இறக்கம். பிரீஆம்புகளில் அதிகம் காணப்படும் 12ஏஎக்ஸ்7 வால்வு வழக்கமான சுற்றில் 0.1 வோல்ட்டை ஏறக்குறைய 6 வோல்ட்டாக்கித் தரும்.

இனிமை எங்கிருந்து வருகிறது? கேதோடு, கிரிட், தகடு மூன்றும் கொண்ட இந்த டிரையோடு வால்வு ஒரு சுரத்தைப் பெருக்கும்போது அதன் இரட்டிப்பு அதிர்வெண்ணையும் துளி கலந்துவிடுகிறது. ஸட்ஜத்துக்கு அது மேல்ஸ்தாயி ஸட்ஜம். சுருதியோடு இழைகிற கலப்பு என்பதால் காது அதைக் குற்றமாக எடுப்பதில்லை. நாகஸ்வரமும் பழைய குரல்களும் நிறைந்து ஒலிப்பதாகவே தோன்றும். அளந்து பார்த்தால் மூலத்துக்கு நெருக்கமாக நிற்பது நல்ல டிரான்சிஸ்டர் பிரீஆம்ப்தான். அதை ஒப்புக்கொண்டே நான் வால்வை விரும்புகிறேன்.

இனி மீட்டர். நம் நாட்டு மின்சாரம் பெயரளவில் 230 வோல்ட். விக்டோரியா அணையின் 210 மெகாவாட் மின்நிலையம் பக்கத்திலேயே இருந்தாலும், உங்கள் சுவருக்கு வருவது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தெருவோர டிரான்ஸ்போமரும், அதிலிருந்து வீட்டுக்குள்ள தூரமும், அந்நேரப் பாவனையும்தான். சீனாவிலிருந்து வரும் பெட்டிகள் பலவற்றின் டிரான்ஸ்போமர் 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டது. சுவரில் 240 ஓடினால், 6.3 வோல்ட் இருக்க வேண்டிய இழையில் 6.87 நிற்கும். 10 சதவீதம் வரை பொறுக்கும் என்பது பொதுக் கணக்கு, அதாவது 6.93, ஆக விளிம்பில் நிற்கிறோம். தகட்டுக்குப் போகும் 250 வோல்ட்டும் 273 ஆகிவிடும். இழை அளவுக்கு மீறிச் சூடானால் கேதோடின் பூச்சு சீக்கிரம் தேய்ந்து, பத்து வருடம் உழைக்க வேண்டிய வால்வு பாதியிலேயே களைத்துப் போகும்.

பரிகாரம் மிக மலிவு. 6.3 வோல்ட்டில் 12ஏஎக்ஸ்7 ஒன்று 0.3 அம்பியர் எடுக்கும், இரண்டுக்கு 0.6. மிகையான 0.57 வோல்ட்டைக் கழிக்க, 2 வாட் தாங்கும் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இழைக் கம்பியில் தொடராகப் பற்றவைத்தால் சரி. இழைக்கென்று ரெகுலேட்டர் வைத்த பெட்டிக்கு இது தேவையில்லை. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கும். மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை விரல் உள்ளே போகக்கூடாது. கரண்ட் ஓடும்போது அளப்பதென்றால் ஒரு கை பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது பெருக்கம். சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. பல பவர் ஆம்புகள் 1 வோல்ட் சொச்சத்திலேயே முழு வலுவுக்கு வந்துவிடும். இடையில் 60 மடங்கு எதற்கு? வொலியூம் குமிழைத் தொட்டதுமே வீடு அதிரும். அந்தத் தொடக்க இடத்தில்தான் பல குமிழ்களில் இடமும் வலமும் ஒத்துவராது. பெருக்கம் குறைந்த 12ஏயூ7 அதே சொக்கெட்டில் உட்காரும். ஆனால் அது கேட்கும் தகட்டு மின்னோட்டம் பல மடங்கு, ஆகவே கேதோடு ரெசிஸ்டரையும் தகட்டு ரெசிஸ்டரையும் சேர்த்தே மாற்றுவது முறை. ஈசிசி88 என்ற வால்வுக்கும் அதே ஒன்பது கால் என்று நம்பிச் செருகிவிடாதீர்கள். அதன் இழை 6.3 வோல்ட்டுக்கு மட்டுமே, 12.6 வோல்ட்டுக்கு இணைத்த சொக்கெட்டில் எரிந்தே போகும்.

தவிலின் அடிநாதம் மெலிந்து கேட்டால் வெளிவாயில் கெப்பாசிட்டரைப் பாருங்கள். தகட்டின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடுவது அதன் வேலை. 0.47 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர், 47 கிலோஓம் உள்வாயிலுள்ள பவர் ஆம்புக்கு 7 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக விடும். 10 கிலோஓம் ஆம்புக்கோ 34 ஹெர்ட்ஸிலேயே பாதிச் சக்தி போய்விடும். அங்கே 2.2 மைக்ரோஃபரட் போட்டால் பழைய 7க்கே திரும்பலாம். புது வால்வு வாங்கி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

இவ்வளவும் சரியான பிறகு வால்வு வேட்டைக்குப் போகலாம். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த ஈசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7, கிடைத்தால் விடாதீர்கள். இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் புதிதாகச் செய்கிறார்கள். பென்சிலால் கண்ணாடியை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணியடிப்பதுபோல் கேட்டால் அந்த வால்வு அதிர்வைப் பிடிக்கிறது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி தொடங்குமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மழைக்காலத்தில் ஒரு பக்கம் கரகரத்தால் இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். கரகரப்பு மறுபக்கம் போனால் வால்வுதான் காரணம். அதே பக்கம் நின்றால் பெரும்பாலும் ஈரலிப்பில் கறுத்த சொக்கெட். கொண்டாக்ட் கிளீனர் அடித்து வால்வை இரண்டு மூன்று தடவை கழற்றிப் போட்டாலே சரியாகிவிடும்.