பாறையில் உறைந்த பூந்தாது: பாலாற்றுப் படுகையின் தொல்சூழலும் தமிழாய்வுக்கான வரையறையும்

1. முன்னுரை

'தாது' என்னும் சொல்லுக்குப் பூவின் துகள் என்றும், நிலத்தினின்று எடுக்கப்பெறும் கனிமம் என்றும் தமிழில் இருபொருள் வழங்குகின்றன. இவ்விரு பொருளும் ஓரிடத்தே கூடுவதற்குப் புதைபடிவ மகரந்தம் எடுத்துக்காட்டாகும். பூந்தாது பாறைக்குள் அகப்பட்டுக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாது நிலைபெறுகிறது. அது கிடைத்த பாறையின் காலத்தையும் அக்காலத்துச் சூழலையும் அறியத் துணைசெய்கிறது. இச்சான்று எவ்வாறு இயங்குகிறது என்பதையும், தமிழாய்வாளர் அதனை எந்த எல்லைக்குள் நின்று கையாளலாம் என்பதையும் வாலாஜாபாத், திருப்பெரும்புதூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளக்கத்திற்குத் தேவை உண்டு. கோண்டுவானா, இலெமூரியா, குமரிக்கண்டம் ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கொண்டு தமிழின் தொன்மையை நிறுவ முற்படும் போக்கு நம் ஆய்வேடுகளில் இன்றும் காணப்படுகிறது. திருப்பெரும்புதூர்ப் பாறைகள் கோண்டுவானாத் தொகுதியைச் சார்ந்தவை. ஆகவே, அப்பாறைகள் உண்மையில் எதனைக் கூறுகின்றன என்பதை அறிவது தமிழாய்வாளருக்கும் கடமையாகிறது.

2. தாது அழியாமைக்குக் காரணம்

மகரந்தத் துகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை அளவுடையது. அதன் புறவுறை ஸ்போரோபொலனின் என்னும் உறுதிமிக்க கரிமப்பொருளால் ஆனது. பெரணி முதலிய பூவாத் தாவரங்களின் வித்துத்துகள்களுக்கும் இத்தகைய உறை உண்டு. காற்றுப்படாத சேற்றில் புதையின் இவ்வுறை அழிவதில்லை. மாறாக, நனைந்தும் உலர்ந்தும் மாறிவரும் மண்ணில் ஆக்சிஜன் பட்டு விரைவில் சிதைகிறது.

ஆய்வகத்தில் பாறைத்தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்புப் பொருளையும், ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் இட்டு மணற்பொருளையும் கரைப்பர். பாறை கரைந்துபோகத் துகள் எஞ்சும். அதனை நுண்ணோக்கியில் இட்டு, உறையின் துளை, வரிப்பள்ளம், மேற்பரப்பு வேலைப்பாடு ஆகியவற்றைக் கொண்டு வகைபிரித்து, ஒவ்வொரு வகையையும் எண்ணுவர். எண்ணிக்கையை விழுக்காடாக்கி அடுக்கு அடுக்காக வரைபடமிடும் முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் லென்னார்ட் வான் போஸ்ட் 1916இல் முன்வைத்தார்.

3. காலக்கணிப்பு நெறி

மகரந்தம் தன் வயதைத் தானே கூறுவதில்லை. கரிமம்-14 முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு உட்பட்ட பொருள்களுக்கே பயன்படும். பாறைக்குள் இருக்கும் தாதுவுக்கு அது பொருந்தாது. எனவே, ஒரு தாவரவகை எப்பொழுது தோன்றியது, எப்பொழுது மறைந்தது என்னும் இரண்டு எல்லைகளுக்கு இடையே பாறையின் காலம் வரையறுக்கப்படுகிறது. பல வகைகள் சேர்ந்து வரின், அவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் குறுகிய இடைவெளியே பாறையின் காலமாகும். ஒரு நூலில் பயிலும் சொல்வழக்குகள், அரசர் பெயர்கள், யாப்பு வகைகள் ஆகிய அகச்சான்றுகளை ஒருங்கே வைத்து அந்நூலின் கால எல்லையைக் குறுக்கும் நம் முறையோடு இது ஒத்தது.

இவ்வரிசைமுறை ஆண்டுக்கணக்காக மாறுவதற்குப் புறச்சான்று வேண்டும். கிழக்கிந்தியாவின் இராஜமகால் எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ 11.7 கோடி ஆண்டுப் பழமையுடையவை எனக் கதிரியக்க முறையால் அறியப்பட்டுள்ளது. அவ்வெரிமலைப் பாறை அடுக்குகளின் இடையே அமைந்த படிவுகளில் கிடைக்கும் தாவரச் சான்றுகள் ஏனைய கோண்டுவானாப் படிவுகளை ஒப்பிட உதவுகின்றன.

4. திருப்பெரும்புதூர்ப் படிவுகள்

பாலாற்றுப் படுகையில் களிப்பாறையும் மணற்பாறையுமாக அமைந்த திருப்பெரும்புதூர்ப் படிவுகளை ராபர்ட் புரூஸ் ஃபுட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தார். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்கருவியைக் கண்டறிந்தவரும் அவரே. சென்னைக் கடற்கரைப் பகுதியின் மேல்கோண்டுவானாத் தாவரப் படிவங்களை ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் விரித்துரைத்தார். இலைப் படிவங்கள் ஜுராசிக் காலத்தை நோக்கிச் சுட்டின. ஆயின், அதே படிவுகளில் கிடைத்த அம்மோனைட்டு என்னும் கடல்வாழ் உயிரியின் ஓடுகள் அதற்குப் பிந்திய கிரிட்டேசியஸ் காலத்தைச் சுட்டின. சான்றுகள் இவ்வாறு முரண்பட்டன.

இம்முரணைத் தீர்ப்பதில் மகரந்தச் சான்று பங்காற்றியது. வாலாஜாபாத்துக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் இடப்பட்ட ஆழ்துளையினின்று கிடைத்த வித்துத்துகள்களையும் மகரந்தங்களையும் ஆராய்ந்து, சி. ஜி. கே. இராமானுஜமும் வர்மாவும் 1977இல் கட்டுரை வெளியிட்டனர். இன்று இப்படிவுகள் தொடக்கக் கிரிட்டேசியஸ் காலத்தவையாகக் கொள்ளப்படுகின்றன. அக்காலம் ஏறத்தாழ 14.5 கோடி முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இடைவெளியாகும்.

பெரணிகள், ஊசியிலை மரங்கள், டைலோஃபில்லம் முதலிய சைக்கஸ் போன்ற இலையுடைய செடிகள் ஆகியவை கடலோரத் தாழ்நிலத்தில் வளர்ந்த காட்சியையே இச்சான்றுகள் காட்டுகின்றன. நிலத்தாவரமும் கடலுயிரியும் ஒரே படிவில் கலந்து கிடைப்பதால், கடல் இப்பகுதிக்குள் புகுந்திருந்தமை தெளிவாகிறது. பூக்கும் தாவரங்கள் உலகில் அப்பொழுதுதான் தோன்றிப் பரவத் தொடங்கியிருந்தன.

5. திணைமயக்கமும் தாதுமயக்கமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து வாழும் மரமும் பூவும் புள்ளும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. மகரந்த ஆய்வு கருப்பொருளின் எச்சத்தைக் கொண்டு முதற்பொருளை மீட்டெடுக்கும் முயற்சியாகும். கண்டல் மரத்தின் தாது மிகின் கழிமுகம் எனவும், புல்லின் தாது மிகின் திறந்தவெளி எனவும் ஊகிப்பர்.

ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறொரு நிலத்தில் வந்து மயங்கலாம் என்பதையும் தொல்காப்பியம் ஏற்கிறது. அவ்வாறு வந்தவற்றை வந்துசேர்ந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்கிறது. மகரந்தவியலார் இதற்கு எதிர்த்திசையில் செல்லவேண்டியவராவர். காற்றும் ஆறும் கொணர்ந்த தாதுவை அது பிறந்த நிலத்துக்கே திருப்பியளித்தால்தான் சூழல் விளங்கும். பழம்பாறை அரிக்கப்பட்டு, அதன் தாது புதுப்படிவில் மீண்டும் படிவதும் உண்டு. இது ஏட்டுச் சுவடியின் இடைச்செருகலுக்கு நேர்மாறானது. இடைச்செருகலில் புதியது பழையதனுள் புகும், இங்குப் பழையது புதியதனுள் புகுகிறது.

பிற்காலத்துகள் முற்காலப் பாறையில் புகுந்து மயக்குவதும் உண்டு. உப்பு மலைத்தொடரின் உப்புப்படிவுகளில் கிடைத்த தாவர நுண்துகள்களைக் கொண்டு, அவை இயோசீன் காலத்தவை எனப் பீர்பால் சாகனி 1940களில் வாதிட்டார். அப்படிவுகள் அதனினும் பலகோடி ஆண்டுகள் முற்பட்டவை என்பதே பின்னர் நிலைபெற்றது. இந்தியத் தொல்தாவரவியலின் முன்னோடிக்கே நேர்ந்த இப்பிழை, ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவுரைத்தலாகாது என்பதற்குப் பாடமாகும்.

6. தமிழாய்வுக்கான வரையறை

இலெமூரியா என்பது மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்கின ஒற்றுமையை விளக்க ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் முன்வைத்த கருதுகோள். கண்டப்பெயர்ச்சிக் கொள்கை நிலைபெற்றபின் அது கைவிடப்பட்டது. கோண்டுவானா சான்றுகளால் உறுதிப்பட்ட பழங்கண்டம். ஆயின், அதன் தாவரங்கள் திருப்பெரும்புதூர்ச் சேற்றில் புதைந்தபொழுது மனித இனம் தோன்றவில்லை. இவ்வட்டாரத்துக்கு வடக்கே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை. அங்கும் கருவிகள் கிடைத்த அடுக்குகளின் கீழே தொடக்கக் கிரிட்டேசியஸ் களிப்பாறை உள்ளது. மேலும் கீழும் அடுத்தடுத்து அமைந்த அவ்விரண்டு அடுக்குகளுக்கும் இடையே பத்துக் கோடி ஆண்டுகள் கழிந்துள்ளன. இடத்தால் அண்மை, காலத்தால் அண்மையாகாது. எனவே, கோண்டுவானாப் பாறையைக் குமரிக்கண்டத்துக்குச் சான்றாக்குதல் பொருந்தாது.

சங்ககாலச் சூழலை அறியவேண்டின், அண்மைக்காலப் படிவுகளையே நாடவேண்டும். நீலகிரியின் கரிச்சதுப்பு நிலங்களும் பிச்சாவரத்தின் கண்டற்சேறும் இவ்வகையில் முன்னரே ஆராயப்பட்டுள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்தவியலை வளர்த்த தணிகைமணி, 1986இல் கராச்சி விமானக் கடத்தலில் உயிரிழக்கும்வரை இத்துறைக்கு உழைத்தார். அந்நிறுவனத்தின் ஒப்பீட்டுத் தொகுப்பு இன்றைய தாவரங்களின் தாதுவைக் கொண்டு பழந்தாதுவை இனங்காண உதவுவது.

வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரியின் அடிமண்ணும் ஆய்வுக்கு உரியதெனத் தோன்றலாம். ஆயின், கோடையில் வற்றும் ஏரியில் தாது சிதையும். தூர்வாருதலால் அடுக்கு குலையும். ஆகவே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் அருகே, கலையாத ஈரக்களிமண் அடுக்கு கிடைக்குமா என முதலில் தேடுதல் தகும்.

7. முடிவுரை

மகரந்தச் சான்று காலத்தை எல்லைகளாகவும் சூழலை விழுக்காடாகவும் கூறுவது. பிற சான்றுகளோடு ஒத்தபின்னரே வலிமை பெறுவது. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைக் கடைக்கால்கள் தோண்டப்படும்பொழுது கோண்டுவானா அடுக்குகள் சிறிது காலம் வெளிப்பட்டுப் பின் கான்கிரீட்டின்கீழ் மறையக்கூடும். அவ்விடைவெளியில், ஆழமும் அடுக்கும் குறித்து மண்மாதிரி எடுத்து வைத்தல் எளிய பணி. நிலவியல் துறையோடு இணைந்து இதனைச் செய்யத் தமிழ்த்துறைகள் முன்வரின், தொன்மை பற்றிய நம் உரையாடல் விருப்பத்தை விடுத்துச் சான்றின்மேல் நிற்கும்.