கோமுகிக்கு எத்தனை பைட்?

கல்வராயன்மலையில் உள்ள வெள்ளிமலையில் ஓர் ஆசிரியர் தன் வகுப்பை அரை மணி நேரம் டேப்லெட்டில் வீடியோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு எச்டி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி வீதம், கோப்பு 4 ஜிபியை நெருங்கிவிடும். இதை இணையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்ப, நொடிக்கு 1 மெகாபிட் வேகம் விட்டுவிடாமல் கிடைத்தாலும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலையில் சிக்னல் அவ்வளவு நேரம் நிலைத்து நிற்பது அரிது. அதே கோப்பு சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளில் இரண்டு மூன்று நிமிடத்தில் மேசைக் கணினிக்குப் போய்ச் சேரும். தமிழக அரசு 2024-ல் ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கியது. அதனால் கல்வராயன்மலைப் பள்ளிகளில் இந்தக் கேபிள் இன்னும் முக்கியமாகிவிட்டது.

ஆனால் கேபிளைச் செருகியதும் பல நேரம் ஒன்றும் நடப்பதில்லை. டேப்லெட் சார்ஜ் ஏறும். கணினியோ அப்படி ஒன்று வந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளாது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு 5 வோல்ட் மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. விலை குறைந்த சில சார்ஜர் கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டைப்-சி என்றால் வேகமாகத்தான் இருக்கும் என்றும் நம்ப முடியாது. அந்த முனையில் 24 தொடுமுனைகளுக்கு இடம் உண்டு என்றாலும், பல டைப்-சி கேபிள்கள் யுஎஸ்பி 2.0 வேகத்துக்கான கம்பிகளோடு நின்றுவிடுகின்றன. சார்ஜ் ஏறியும் கணினி அசையவில்லை என்றால் வேறு கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அடுத்தது அனுமதி. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், கணினியில் செருகிய டேப்லெட் தானாகத் திறந்துகொள்வதில்லை; சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்கிறது. பேருந்து நிலையத்திலோ வேறெங்கோ சார்ஜுக்காகச் செருகிய இடத்தில் யாரும் உள்ளே புகுந்து படங்களை எடுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கணினிக்கு வழி கிடைக்கும்.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. தொடக்கக் கால ஆண்ட்ராய்டு போன்களில், கேபிளைச் செருகினால் கணினி நினைவக அட்டையைப் பென் டிரைவைப் போல முழுதாகத் தன் வசம் எடுத்துக்கொண்டது. கணினி அதை விடும்வரை போன் அந்த அட்டையைத் தொட முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் எழுதினால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே சிதைந்துவிடும். டேப்லெட்டுகளுக்கென்றே 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இந்த முறையைக் கைவிட்டு எம்டிபி என்ற நெறிமுறைக்கு மாறியது. டிஜிட்டல் கேமராவிலிருந்து படம் எடுப்பதற்கான பிடிபி நெறிமுறையை விரிவாக்கி மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது அது. 2008-ல் யுஎஸ்பி தரநிலைகளில் ஒன்றாகவும் ஆனது.

எம்டிபி ரேஷன் கடையைப் போல நடக்கிறது. கார்டுதாரர் கிடங்குக்குள் போக முடியாது. கேட்டால் விற்பனையாளர் எடுத்துத் தருவார். கணினி கேட்கும், டேப்லெட் தரும். பதிவேட்டில் ஏறாத மூட்டை கிடங்கில் இருந்தாலும் கணக்கில் இல்லை. அப்படித்தான் சில செயலிகள் சேமித்த புதிய கோப்பு டேப்லெட்டில் திறக்கும், கணினியில் தெரியாது. டேப்லெட்டை அணைத்துப் போட்டால் பதிவேடு புதுப்பிக்கப்பட்டுப் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆயிரம் சிறு படங்கள் அதே அளவுள்ள ஒரே வீடியோவைவிட மெதுவாகப் போவதற்கும் இந்தக் கேட்டு வாங்கும் முறையே காரணம். ஒவ்வொரு படத்துக்கும் தனியாகக் கேட்டு, தனியாகப் பதில் வாங்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பினால் நேரம் மிச்சம்.

வீடியோ இன்னும் சற்று நீளமாக இருந்தால், கணினிக்கு வந்த கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி மலையிறங்கும்போது வேறொரு தடை வரலாம். 20 ஜிபி காலியாக இருக்கும். கோப்பு பெரிது என்று பென் டிரைவ் மறுக்கும். பழைய எஃப்ஏடி32 அமைப்பு ஒரு கோப்பின் அளவை 32 பிட்டில்தான் எழுதிவைக்கிறது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. ஒரு பைட் கூடினாலும் எழுத இடமில்லை. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு, பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் தீரும்.

கடைசித் தடை தமிழில் எழுதுவோருக்கு வருவது: கோப்பின் பெயர். 1991-ல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் க என்பதற்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்றுதான் அது கணக்கு வைக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் அந்த எண் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். கல்வராயன்மலை நம் கண்ணுக்கு 8 எழுத்து, யூனிகோடுக்கு 12 எண், டேப்லெட்டுக்கு 36 பைட்.

விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 எண்கள் வரை அனுமதிக்கிறது. ஆண்ட்ராய்டு அனுமதிப்பது 255 பைட். "கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன்மலை வட்டம் வெள்ளிமலை" என்று அலுவலக வழக்கப்படி பெயரைத் தொடங்கினால், பொருள் என்ன என்று சொல்வதற்கு முன்பே 151 பைட் தீர்ந்துவிடும். விண்டோஸின் கணக்கிலோ அது வெறும் 53. கணினியில் நன்றாகத் திறக்கும் ஆவணம் டேப்லெட்டுக்குப் போக மறுத்தால், பெயரைச் சுருக்கிப் பார்க்கலாம்.

கச்சிராயபாளையம் அருகே அணை கட்டியிருக்கும் கோமுகி ஆற்றின் பெயரில் இன்னொரு வேடிக்கை உண்டு. கோ என்பதன் ஓகாரக் குறியை ஒரே எண்ணாக எழுதலாம். முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். முதல் வகையில் கோமுகி 18 பைட், இரண்டாவதில் 21. ஆப்பிள் மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோமுகியும் இங்கே தட்டச்சு செய்த கோமுகியும் திரையில் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். விண்டோஸ் அவற்றை இரண்டு தனிக் கோப்புகளாக ஒரே கோப்புறையில் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே பரிமாற்றம் நின்றால் வெளியிலிருந்து உள்ளே போவதுபோலத் தேட வேண்டும்: கேபிள், அனுமதி, பதிவேடு, அளவு, பெயர். முதல் நான்கையும் உலகத்தில் எல்லாருமே பார்க்கிறார்கள். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் ஐந்தாவதையும் பார்த்துவிட வேண்டும். அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. மாவட்டத்தையும் வட்டத்தையும் கோப்புறையின் பெயருக்கு விட்டுவிட்டு, கோப்புக்கு இரண்டு மூன்று சொற்களில் பெயர் வைத்தால் போதும்.